கலங்கலை அடைத்த வருடம்

பாசனப் பிரிவில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். ஏரிக்கரை உடைந்தால், அறிக்கையில் ‘தெய்வச் செயல்’ என்று எழுதாதீர்கள். ‘இயற்கையின் சீற்றம்’ என்றும் எழுதாதீர்கள். அந்தச் சொற்களைப் படிக்கும்போது இந்த வயதிலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நாள்தோறும் விடியலில் பாசுரம் ஓதிவிட்டே வாயில் தண்ணீர் ஊற்றிக்கொள்பவன் நான். எம்பெருமானின் திருவுள்ளத்தை முழுதும் அறிந்தவனாக ஒருநாளும் பேசமாட்டேன். ஆனால் ஒரு கரையை உடைப்பதற்கு அவன் ஆள் வைத்து வேலை வாங்குவதில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். அந்த ஆட்கள் நம் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சில ஏரிகள் என் பொறுப்பில் இருந்தன. ஏரியைக் காக்கவென்றே ஒரு வாரியம் அமைத்து, அதைக் கல்லிலும் வெட்டிவைத்த ஊர் அது. பெரிய மனிதர்கள் வந்தால் அந்தக் கல்லைக் காட்ட எங்களில் ஒருவர் உடன் போவது வழக்கம். திரும்பும் வழியில் தூர்ந்துபோன ஏரிகள் அவர்கள் கண்ணில் படாதபடி காருக்குள் பேச்சுக் கொடுக்கவும் நாங்கள் பழகியிருந்தோம்.

புவி வெப்பமடைகிறது என்று இன்று நீங்கள் சொல்கிறீர்கள். அன்று எங்கள் வாயில் அந்தச் சொல் இல்லை. ஒரு வருடத்து வறட்சியையும் ஒரு நாள் மழையையும் காட்டி அதை நிறுவ நான் வரவில்லை. அது உங்கள் கணக்கு. நான் கண்டதைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மார்கழி விடியலில் கோயில் கல்தரையில் கால் வைக்க முடியாது, விறைத்துப்போகும். பிறகு பிறகு, போர்வை இல்லாமலே பிராகாரம் சுற்றினோம். பங்குனியின் வெயில் மாசியிலேயே வந்தது. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் உச்சிப்பொழுதில் வரப்பில் மயங்கி விழுந்ததால், இருட்டோடு போய் வெயில் ஏறுமுன் கரையேறத் தொடங்கினார்கள். ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் கூடு கட்டும் நாரைகள், தண்ணீர் நிலைக்காததால் பாதிக் கூட்டோடு விட்டுப் பறந்தன.

எல்லாவற்றையும்விட மழையின் நடத்தை மாறிப்போனது. ஐப்பசியில் தொடங்கி, விட்டு விட்டுப் பெய்து, மண் குடிக்கும் வேகத்துக்குத் தானும் பொழிந்து, கார்த்திகைக்குப் பின் தூறலாக மெலிந்து விடைபெறும் மழை எங்களுடையது. அடியார்கள் மழையை வேண்டிப் பாடியதெல்லாம் அந்த மழையைத்தான். அது போய், ஒன்றும் பெய்யாமல் காயவைப்பது, பெய்தால் ஒரே மூச்சில் கொட்டுவது என்று ஆயிற்று. மேலதிகாரிகளிடம் சொன்னால், “உமக்குக் கோயிலுக்குப் போய் வந்தால் இப்படித்தான் ஏதாவது தோன்றும்” என்றார்கள்.

இனி, கலங்கலை அடைத்த ஊருக்கு வருகிறேன். பெருநகர் என்ற ஊருக்குப் போகும் பஸ் தடத்தில் இருக்கிறது. இதில் வரும் குடும்பங்கள் இன்னும் அங்கே வாழ்வதால் ஊரின் பெயர் வேண்டாம்.

ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கரையை உடைக்காமல் வழிந்து வெளியேறத் தாழ்வான கல்தளம் ஒன்று உண்டல்லவா, நாம் கலங்கல் என்பது. எங்கள் பக்கத்தில் அதைக் கோடி என்பார்கள். தண்ணீர் அதன்மேல் வழிந்தால் ‘ஏரி கோடி போகிறது’ என்று ஊரே திரண்டு கற்பூரம் கொளுத்தும். பழைய கலங்கல்களில் மேல்தளத்தின்மீது வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். கார்த்திகைத் தீபம் முடிந்து, பெருமழைக்கு இனி வாய்ப்பில்லை என்று ஆன பிறகு, அந்தக் கற்களுக்கிடையில் பனம்பலகை செருகி, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். கடைசித் தூறலில் வரும் நீரை ஒரு முழம் கூடுதலாகப் பிடித்துவைக்கும் ஏற்பாடு அது. தீபத்துக்கு முன்பு அடைப்பதில்லை என்பது எழுதாத சட்டம். வானம் தன் முறையில் வந்துகொண்டிருந்த வரையில் அந்தச் சட்டம் நின்றது.

வானம் மூன்று வருடம் தொடர்ந்து ஏமாற்றிய பிறகு, ஒரு புரட்டாசியில் நான் போனபோது கலங்கலில் ஆட்கள் நின்று பலகை செருகிக்கொண்டிருந்தார்கள். முன்னின்றவர் கோதண்டம், ஏரிக்குக் கீழே முதல் மடையில் பாயும் நிலங்கள் பெரும்பாலும் அவர் குடும்பத்துடையவை.

“சாரு வந்துட்டாருபா. ஒரு எளநீ வெட்டு.”

“இளநீர் இருக்கட்டும். தீபம் முடியாம கலங்கலை அடைக்கலாமா?” என்றேன்.

“தீபத்துக்கு அப்பால அடைச்சி இன்னாத்த சார் புடிக்கறது? பனியவா? பனியும்தான் இப்ப இல்லியே!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “மானம் காலண்டர் பாத்துக்கினா பெய்யுது? நாங்க மட்டும் இன்னாத்துக்குப் பாக்கணும்? வர்றதே ஒரு மய. அத்தயும் கோடி மேல வுட்டுட்டு வாயப் பொளந்துக்கினு குந்தச் சொல்றியா?”

அவர் சொன்னதில் பாதி நியாயம் என்பதுதான் எனக்கு அச்சத்தைத் தந்தது. மழை ஒரே தடவைதான் வரும் என்பதைச் சரியாகவே கண்டுகொண்டவர், அந்த ஒரு தடவை எப்படி வரும் என்பதைப் பார்க்க மறுத்தார். பஞ்சத்தின் பயம் வெள்ளத்தின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

களிமண் கூடை சுமந்து வந்த பெண்களில் ஒருத்தி கன்னியம்மா. கணவன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகளோடு கூலிக்குப் போய்ப் பிழைப்பவள். கூடையை இறக்கிவிட்டு அவளும் எனக்கு அறிவுரை சொன்னாள். “அடைக்கட்டும் வுடு சார். கோடி போனா என் வூட்டு வாசல்லதான் போவும். அடைச்சா எனக்கும் நல்லதுதான்.”

அவள் சொன்னதன் பொருளை நீங்கள் கவனிக்க வேண்டும். கலங்கலில் வழியும் நீர் ஓடிப்போக ஒரு கால்வாய் இருந்தது. ஏரி பல வருடம் நிரம்பாததால் அது காய்ந்து, மேடும் பள்ளமுமான வெற்றுத் தரையாகக் கிடந்தது. வீடில்லாத கூலிக் குடும்பங்களுக்கு இடம் வேண்டும் என்று மனுக் கொடுத்தபோது, அரசாங்கத்தார் அந்தக் கால்வாயில் முளைக்குச்சி அடித்து மனை பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்குள் மேட்டு நிலம் இல்லாமல் இல்லை. பிடாரி கோயிலை ஒட்டிய களத்துமேடு முழுதும் ஊர்ப் பொது நிலம். ஆனால் அங்கே கோதண்டத்தின் குடும்பம் தலைமுறையாக நெல் அடித்து வந்தது, வைக்கோற்போர் போட்டிருந்தது. ஆகவே அது யார் கண்ணுக்கும் காலியாகத் தெரியவில்லை. தண்ணீர் போகும் பாதை மட்டும் காலியாகத் தெரிந்தது.

நான் உத்திரமேரூருக்குத் திரும்பி மேலதிகாரியிடம் முறையிட்டேன். சில மாதங்களுக்கு முன்புதான் அவர் மழை வேண்டி வருண ஜபத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். பித்தளை அண்டாக்களில் கழுத்தளவு தண்ணீரில் வைதிகர்கள் அமர்ந்து ஜபித்தார்கள். நானும் கைகூப்பி நின்றேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மழையை வா வா என்று அழைத்தவர், வந்தால் அது எந்த வழியாகப் போகும் என்று கேட்க மறுத்தார்.

“குடிக்கவே தண்ணியில்ல, நீர் வெள்ளத்தைப் பத்திப் பேசறீர். பலகையைப் பிடுங்கி விவசாயிங்களைப் பகைச்சுக்கணுமா?” என்றார். அத்துடன் முடிந்தது.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. திருமாலின் மேனி நிறத்தில் கறுத்து வந்த மேகத்தைக் கண்டு நான்கூட முதலில் கண்ணீர் மல்கக் கைகூப்பினேன். ஒரு பகலும் ஓர் இரவும் இடைவிடாமல் கொட்டியது. மறுநாள் காலையில் பாதி வழியில் பஸ் நின்றுவிட, மீதி தூரத்தை முழங்கால் தண்ணீரில் நடந்து அந்த ஊரை அடைந்தேன். ஏரி கடல்போல் கிடந்தது. அடைத்த பலகைகளின் மேல்விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. கரைமேல் ஊரார் மகிழ்ச்சியோடு நின்றார்கள். யாரோ தேங்காய்கூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் கரையின் வெளிப்புறச் சரிவில் இறங்கிப் பார்த்தேன். மதகுக்குப் பக்கத்தில் கசிவு. கசிவு தெளிந்த நீராக வந்தால் அஞ்ச வேண்டாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள். கலங்கி வந்தது.

தபாலாபீசில் ஒரு தொலைபேசி இருந்தது. மேலதிகாரியை அழைத்து, அடைப்பை எடுக்க வேண்டும் என்றேன். கீழே கால்வாயில் வீடுகள் இருப்பதையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்ன பதிலை நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

“எடுக்காதீர். கரை உடைஞ்சா அது கடவுள் செயல், அப்படியே எழுதிக்கலாம். நீர் பலகையை எடுத்து வீடு போச்சுன்னா, அது உம்ம செயல்.”

நான் கேள்வியை ஒழுங்காகக் கேட்டேனா என்று அந்த நிமிடம் எனக்கே ஐயம் வந்தது. மறுபடி சொன்னார். ரிசீவரை வைத்தேன். நான் உயிராக வணங்கும் ஒருவன்மீது, இன்னும் நடக்காத குற்றத்தை, முன்கூட்டியே எழுதி ஒட்ட ஒருவர் தயாராக இருந்தார். பழியை ஏற்க இறைவன், பதவியைக் காக்க இவர். உங்களில் யாரேனும் தொலைபேசியில் இப்படி ஒரு பதிலைக் கேட்க நேர்ந்தால், அதன்பின் அந்தக் குரலிடம் அனுமதி கேட்காதீர்கள்.

கரைக்கு ஓடினேன். கடப்பாரையை எடுத்தபோது கோதண்டம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணிய வுட்டுட்டா தைக்கு இன்னா சார் பண்ணுவோம்? மூணு வருசமா களத்துல நெல்லு பாக்காம கீறோம். ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம்!”

“கலங்கல் மட்டத்துக்குக் கீழ உள்ள தண்ணி உனக்கு நிக்கும், கோதண்டம். கரை போனா ஒரு சொட்டும் நிக்காது.”

“கரை இன்னாத்துக்குப் போவும்? எங்க தாத்தன் காலத்துக் கரை.”

“உங்க தாத்தா காலத்து மழை இல்லையே இது. வா, காட்டறேன்.”

கசிவு இருந்த இடத்துக்கு அழைத்துப்போய்க் கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கையில் தேங்கிய நீர் வடிந்த பிறகு, கரையின் மண் அதில் தங்கியிருந்தது. கோதண்டம் அதை வேட்டியில் துடைத்தார். பிறகு தம் ஆட்களைப் பார்த்து, “எடுங்கடா” என்றார்.

அடைப்பை எடுக்குமுன் கால்வாயில் இருந்தவர்களை வெளியேற்ற வேண்டும். நான் இறங்கிப் போனேன். கன்னியம்மா தன் வீட்டு வாசலில் நின்றாள். மண் சுவர், பனையோலைக் கூரை. வாசலில் புதிதாக மெழுகியிருந்தாள். நான் சொல்ல வந்ததை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“நாங்க இன்னா சார் தப்பு பண்ணோம்? எடம் குடுத்தீங்க, கட்டிக்கினோம். மண்ணு சொமக்கச் சொன்னாங்க, சொமந்தோம்.”

“வீடு போயிடும், கன்னியம்மா. போகாதுன்னு பொய் சொல்லமாட்டேன். கரை உடைஞ்சா ஆளும் போகும், ஊரும் போகும்.”

“அப்பால நாங்க எங்க குந்தறது?”

“அங்க. களத்துமேட்டுல.”

“இன்னிக்கு மட்டுமா? எப்பவுமா?”

“எப்பவும்.”

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. மனை கொடுப்பது என் துறையின் வேலையே அல்ல. ஆனால் அவளிடம் வீட்டைக் கேட்டவன் நான். மாற்று இடம் யாரோ கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. எனக்குப் பின்னால் கோதண்டமும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. தண்ணீர் அவ்வளவு உயரத்தில் நிற்கும்போது யாரும் மறுப்பதில்லை.

சட்டி பானைகளையும் ஆடு கோழிகளையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் மேட்டுக்குப் போனார்கள். நடக்க முடியாதவர்களைக் கோதண்டத்தின் ஆட்கள் தூக்கிப்போனார்கள். அதை நான் மறைக்கமாட்டேன். ஒரு வீடு விடாமல் எட்டிப்பார்த்த பிறகு நடுவில் இருந்த பலகையை முதலில் எடுத்தோம். பிறகு அதன் இருபுறமும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவர்கள் மேலே ஏறுமுன் தண்ணீர் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஏரி கோடி போயிற்று. கற்பூரம் கொளுத்த ஒருவரும் வரவில்லை. மேட்டிலிருந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மண் சுவர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. கூரைகள் படகுபோல் சற்றுத் தூரம் போய் வேலமரங்களில் சிக்கின. கன்னியம்மா அழவில்லை. எண்ணெய் விளக்கு ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “போவுது பாரு, எங்கூடு, பெரிய எடத்து ஊர்கோலம் மாரி” என்று பிள்ளைகளிடம் சொன்னாள். மாலைக்குள் கசிவு தெளிந்தது. கரை நின்றது. ஓர் உயிரும் போகவில்லை.

இது வரையில் நடந்ததற்காக நான் கோபப்படவில்லை. கோபம் இதற்குப் பின்னால் வந்தது.

மழைக்கு முன்பே புழுதியில் விதைத்திருந்த பயிர் தை மாதம் கதிர் சாய்ந்து பொன்னாக நின்றது. ஊரின் முதல் மகசூல், வறண்ட வருடங்களுக்குப் பிறகு. அதற்குள், கால்வாயில் அதே இடத்தில் மறுபடி முளைக்குச்சி அடித்துவிட்டார்கள். இப்படி ஒரு மழை இனி நூறு வருடத்துக்கு வராது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். யாரிடம் கேட்டுச் சொன்னார்கள்? வானம் இவர்களுக்கு எழுதிக் கொடுத்ததா? முறை தப்பிய மழைக்கு இவர்கள் மட்டும் முறை வகுத்தார்கள்.

களத்துமேட்டில் கீற்றுக் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்த வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். கோதண்டம் அரிவாள் கொடுத்து ஆள் இறக்கத் தயாராக நின்றார்.

“அறுப்பு வந்துட்ச்சி. களம் வோணும். வெள்ளத்துக்குப் பாவம்னு வுட்டோம். அதுக்குன்னு குடித்தனமா பண்ணுவாங்க? பேஜாரா கீது சார்” என்றார்.

கன்னியம்மா எழுந்து வந்தாள். “நைனா, ஒன் பயிருக்குத் தண்ணி எப்டி நின்னுதுன்னு தெரிமா? எங்கூட்டு மேல ஏறிப் போனதால நின்னுது. ஒன் நெல்லு பொயச்சிது. நாங்க கெணத்துலயா போய் வியணும்?”

“ஒனக்குத்தான் பயைய எடத்துலயே மனை குடுக்கறாங்களே!”

“அவ்ளோ நல்ல எடம்னா, நீ அங்க போய் நெல்லு அடியேன்.”

யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். கோதண்டம் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைத் தனியே அழைத்தார். அந்த மேடு ஏரிக்குரிய நிலம், நீர் தேங்கும் பகுதி, ஆகவே குடியிருக்கக் கூடாது என்று நம் துறை சார்பில் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நீர் ஓடும் கால்வாய் குடியிருப்பு நிலமாம்! அவ்வளவு பெரிய வெள்ளத்திலும் ஒரு துளி ஏறாத மேடு நீர் தேங்கும் நிலமாம்! இதை அவர் கூசாமல் சொன்னார். திருநீறு பளிச்சென்று பூசிய நெற்றியோடு சொன்னார்.

நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “தண்ணீர் ஏறாத இடத்தில் எங்கள் துறைக்கு வேலை இல்லை. கால்வாயில்தான் வேலை இருக்கிறது. அங்கே அடித்த குச்சிகளை இன்றே பிடுங்கப்போகிறேன்.”

“எழுதிக் கொடுப்பீரா?”

“கொடுப்பேன்.”

கொடுத்தேன். அன்று மாலையே ஆள் வைத்துக் குச்சிகளைப் பிடுங்கினேன். அதன் பலன் எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல். அதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நம் துறை எழுத்தில் மறுத்துவிட்டதால் கால்வாயில் மனை கொடுக்க வருவாய்த்துறைக்கும் துணிவு வரவில்லை. மேட்டைக் காலி செய்யச் சொல்லவும் காரணம் கிடைக்கவில்லை. கோதண்டம் அந்த வருடம் தார் ரோட்டில் நெல் அடித்தார். பஸ்காரர்கள் அவரைத் திட்ட, அவர் என் வம்சத்தையே திட்டினார் என்று கேள்விப்பட்டேன். திட்டட்டும். அவர் வீட்டு நெற்குதிர் நிறைந்திருந்தது.

இளைஞர்களே, வெயில் ஏறுவதும் மழை முறை தப்புவதும் எல்லார் தலைமேலும்தான். ஆனால் அதிலிருந்து ஒதுங்கி நிற்கும் மேடு எல்லாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. பள்ளத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது நம்மைப் போன்றவர்கள். நாளை உங்கள் முன்னும் ஒரு வரைபடத்தை விரிப்பார்கள். இந்த இடம் காலியாகக் கிடக்கிறது, ஆட்சேபணை இல்லை என்று சொல்லுங்கள் என்பார்கள். பழைய மழையை நம்பிப் போட்ட கணக்கு அது. நேரில் போய்ப் பாருங்கள். மறுக்க வேண்டியதை வாயால் மறுக்காதீர்கள், எழுத்தில் மறுங்கள்.

மாற்றல் ஆகிப் போகும் அன்று பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். களத்துமேட்டிலிருந்து கன்னியம்மா ரோட்டுக்கு வந்தாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை; அவள் சொல்லவேண்டியதும் இல்லை. பெட்டியை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சொன்னாள்:

“இனிமேட்டு மய பெஞ்சா நான் தூங்குவன் சார். நீ போற ஊர்ல யார் யார் தூங்காம கீறாங்கன்னு போய்ப் பாரு.”